குழந்தையின் வாயிலும் உள்ளங்கையிலும் கொப்புளங்கள்: எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டரை வயது மகளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்ததாகவும், அது தணியும் வேளையில் வாய்க்குள் புண்களும் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவந்த கொப்புளங்களும் தோன்றியதாகவும், இப்போது பாலைக்கூடத் தள்ளிவிட்டு அழுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மழலையர் வகுப்பில் வேறு இரு குழந்தைகளுக்கும் இதே நிலை என்கிறீர்கள். இது அம்மையா, என்ன மருந்து கொடுப்பது, வீட்டில் இருக்கும் ஐந்து மாதக் கைக்குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளுமா, மகளை எப்போது மீண்டும் வகுப்புக்கு அனுப்பலாம் என்பவை உங்கள் கேள்விகள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கை, கால், வாய் நோய் என்று மருத்துவர்கள் அழைக்கும் வைரஸ் தொற்றோடு மிகவும் பொருந்துகின்றன. குழந்தையை நேரில் பார்க்காமல் யாரும் இதை உறுதிசெய்ய முடியாது. ஆகவே ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆனால் அதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நோயில் பெற்றோரின் கண் முழுவதும் தோலின் மீதே இருக்கிறது. கொப்புளங்களை எண்ணுகிறார்கள், புதிதாக எங்கே வந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். தோலில் உள்ள கொப்புளங்கள் ஏறக்குறைய எப்போதும் தாமாகவே ஆறிவிடுகின்றன. குழந்தை எவ்வளவு குடிக்கிறாள், எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறாள், கூப்பிட்டால் எப்படித் திரும்பிப் பார்க்கிறாள் என்ற மூன்றும்தான் அவள் நலமாக இருக்கிறாளா இல்லையா என்பதைச் சொல்லும்.

இந்த நோய்க்குக் காரணம் ஒரே ஒரு வைரஸ் அன்று; குடலில் பெருகும் எண்டெரோவைரஸ் இனத்தைச் சேர்ந்த பல வைரஸ்கள். அவற்றுள் காக்சாக்கி ஏ16 நெடுங்காலமாக முதன்மையானது. 1957இல் கனடாவின் டொரன்டோ நகரில் பரவிய ஒரு தொற்றில் அது பிரித்தெடுக்கப்பட்டது. 1959இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பரவியபோதுதான் நோய்க்கு இன்றைய பெயர் வந்தது. காக்சாக்கி ஏ6, ஏ10 ஆகியவையும் எண்டெரோவைரஸ் ஏ71 என்பதும் மற்ற முக்கியக் காரணிகள். கால்நடைகளைத் தாக்கும், கால் வாய் நோய் என்றும் அழைக்கப்படும் கோமாரி நோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் ஒத்திருப்பதால் பசும்பாலை நிறுத்திவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை.

வைரஸ் உடலுக்குள் புகுந்த மூன்று முதல் ஆறு நாட்களில் நோய் தொடங்குகிறது. முதலில் மிதமான காய்ச்சல், சோர்வு, பசியின்மை, தொண்டை வலி. பேசத் தெரியாத குழந்தை தொண்டை வலியைச் சொல்லாது. உமிழ்நீர் வழியவிடும், விழுங்கும்போது முகம் சுளிக்கும், ஆசையாக வாங்கிய உணவை வாயில் வைத்ததும் துப்பிவிடும். ஓரிரு நாளில் நாக்கு, கன்னத்தின் உட்புறம், மேலண்ணத்தின் பின்பகுதி ஆகியவற்றில் சிறு சிவப்புப் புள்ளிகள் எழுந்து, கொப்புளமாகி, விரைவிலேயே உடைந்து, மஞ்சள் கலந்த சாம்பல் நிற நடுப்பகுதியும் சிவந்த விளிம்பும் கொண்ட புண்களாகின்றன. அதே வேளையிலோ ஒரு நாள் கழித்தோ உள்ளங்கை, உள்ளங்கால், விரல்களின் பக்கவாட்டு ஆகியவற்றில் தடிப்பு தோன்றுகிறது. பிட்டத்திலும் முழங்கால், முழங்கைகளைச் சுற்றியும் வருவதுண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உள்ள கொப்புளங்கள் பெரும்பாலும் நீள்வட்டமாகவும், தோலுக்குள் சற்று அழுந்தியவை போலவும், சாம்பல் நிறத்திலும் இருக்கும். கருநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ சாம்பல் படிந்தோ காணப்படலாம் என்பதால், நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்ப்பது உதவும். அரிப்பு பொதுவாக மிகக் குறைவு. எல்லா இடங்களிலும் வந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. வாய்ப்புண் மட்டும் வந்து கையும் காலும் தெளிவாக இருக்கும் குழந்தைகளும் உண்டு, வாயில் எதுவுமின்றி உள்ளங்கையில் மட்டும் காணும் குழந்தைகளும் உண்டு.

காக்சாக்கி ஏ6 இந்த வரையறைகளைக் கொஞ்சம் மீறுகிறது. 2008இல் பின்லாந்தில் பரவலாகக் கண்டறியப்பட்டதிலிருந்து இது பல நாடுகளில் அடிக்கடி காணப்படுகிறது. கொப்புளங்கள் பெரிதாகவும், வாயைச் சுற்றிலும், தொடையிலும், முதுகிலும்கூடப் பரவலாகவும் எழும். ஏற்கெனவே கரப்பான் இருக்கும் குழந்தைக்கு அந்தத் தோல் பகுதிகளிலேயே கொத்துக்கொத்தாக வந்து பார்ப்பவரைக் கலங்கடிக்கும். பெரியவர்களையும் இது சற்றுக் கடுமையாகத் தாக்கும். தோற்றம் அச்சமூட்டினாலும் பொதுவாக இதுவும் தானாகவே தணிந்துவிடுகிறது. ஆனால் கரப்பான் உள்ள தோலில் வலியுள்ள கொப்புளங்கள் கொத்தாக எழுந்தால், அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்று அல்ல என்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும்; ஹெர்பிஸுக்குத் தனி மருந்து உண்டு, தாமதிக்கவும் கூடாது.

இனி, இது அம்மையா என்ற கேள்வி. சின்னம்மையில் கொப்புளங்கள் முகத்திலும் மார்பிலும் முதுகிலும் தொடங்கித் தலைமுடிக்குள்ளும் பரவும், கடுமையாக அரிக்கும், ஒரே நேரத்தில் சில புள்ளிகளாகவும், சில நீர் கோத்தும், சில காய்ந்த பொருக்காகவும் இருக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் அதில் பெரும்பாலும் தப்பிவிடும். தட்டம்மையில் கொப்புளமே கிடையாது. கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்கள் என்று மூன்று நான்கு நாள் வாட்டிய பிறகு காதின் பின்புறமும் முகத்திலும் தொடங்கிக் கீழிறங்கும் தடிப்பு அது. தட்டம்மை என்ற ஐயம் எழுந்தாலே, மருத்துவமனைக்குள் நுழையும் முன் தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். காத்திருப்பு அறையில் இருக்கும் கைக்குழந்தைகளுக்கு அது மிக எளிதில் பரவும். ஈறுகள் வீங்கி, தொட்டால் இரத்தம் கசிந்து, உதட்டிலும் புண்கள் இருந்து, காய்ச்சல் ஐந்தாறு நாள் நீடித்தால் அது ஹெர்பிஸ் வைரஸின் முதல் தொற்றாக இருக்கக்கூடும். இரவில் அரிப்பு அதிகமாகி விரலிடுக்குகளில் புள்ளிகள் இருந்தால் சிரங்கு நினைவுக்கு வர வேண்டும்.

தவறவிடவே கூடாத இரண்டு உண்டு. ஐந்து நாட்கள் தொடர்ந்து காய்ச்சல் இருந்து, கண்கள் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு செக்கச் சிவந்து, கை கால்கள் வீங்கினால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். காலத்தோடு சிகிச்சை தராவிட்டால் இதயத்தின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படும். இன்னொன்று, ஒரு கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தியும் நிறம் மறையாத செந்நீலப் புள்ளிகள். காய்ச்சலோடு அப்படிப்பட்ட புள்ளிகளைக் கண்டால் அது இரத்தத்தில் கலந்த பாக்டீரியாத் தொற்றாக இருக்கக்கூடும். அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மருந்து என்ன என்று கேட்டீர்கள். இந்த வைரஸ்களை ஒழிக்கும் மருந்து இன்று நடைமுறையில் இல்லை. பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபயாடிக் இதில் பயன் தராது. கொப்புளம் உடைந்து சீழ் பிடித்தால் மட்டுமே அதற்கு வேலை. எனவே நம் கையில் இருப்பவை இரண்டு: வலியைக் குறைப்பது, நீர்ச்சத்தைக் காப்பது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. குழந்தை குடிக்க மறுப்பது பிடிவாதத்தால் அன்று, விழுங்கும் ஒவ்வொரு முறையும் திறந்த புண்ணில் நெருப்புப் பட்டதுபோல் எரிவதால்தான். வலி தணிந்தால் அதுவே கை நீட்டிக் கேட்கும்.

பாரசிட்டமாலைக் காய்ச்சலுக்கான மருந்தாக மட்டும் பார்க்காதீர்கள். இங்கே அது முதன்மையாக வலிக்கான மருந்து. காய்ச்சல் இல்லாவிட்டாலும், வாய்வலி கடுமையாக இருக்கும் முதல் மூன்று நான்கு நாட்களில், உணவுக்கு அரைமணி நேரம் முன்பு கொடுத்தால் அந்த வேளை உணவு இறங்கும். அளவை வயதை வைத்து ஊகிக்காமல் எடையை வைத்துக் கணக்கிடுங்கள்: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 120 முதல் 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5 முதல் 7.5 மில்லி, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் சுமார் 2.5 முதல் 3.5 மில்லிதான். பாட்டிலின் செறிவைப் படிக்காமல் பழைய கணக்கில் ஊற்றுவதால் நேரும் தவறு அஞ்சத்தக்கது. சொட்டு மருந்துகளில் செறிவு இன்னும் அதிகம். இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்கட்டும். 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சளி, காய்ச்சல் கலவை மருந்துகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. ஐபுபுரோஃபென் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும், நீர்ச்சத்து குறைந்துபோன குழந்தைக்கும், சின்னம்மையாக இருக்குமோ என்ற ஐயம் இருக்கும்போதும் வேண்டாம். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடாது. வைரஸ் காய்ச்சலில் அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய்க்கு வழிவகுக்கக்கூடியது. வாயை மரக்கச் செய்யும் ஜெல்களையும் சிறு குழந்தைகளுக்கு நீங்களாகத் தடவாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள லிடோகைன் அளவு மீறி விழுங்கப்பட்டால் வலிப்பையும் இதயத் துடிப்புக் கோளாறையும் உண்டாக்கும். வேறு சிலவற்றில் உள்ள பென்சோகைன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும். புண்ணில் தேன் தடவும் வழக்கமும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஆபத்தானது.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வது மனத்தைத் திடப்படுத்தும். 12 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,100 மில்லி திரவம் தேவை. குவளையைக் கண்டாலே அழும் குழந்தைக்கு இது மலைப்பாகத் தோன்றும். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி மட்டும் கொடுத்தால்கூட, மணிக்கு 60 மில்லி ஆகிறது; விழித்திருக்கும் 12 மணி நேரத்தில் 720 மில்லி உள்ளே சென்றுவிடும். ஒரே மூச்சில் குடிக்க வைக்கும் போராட்டத்தைக் கைவிட்டு இந்தச் சிறு அளவு முறைக்கு மாறுவதே பல குழந்தைகளை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து காக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சினால் கன்னத்தின் உட்புறமாக மெல்லச் செலுத்தினால் நாக்கின் புண்ணைத் தவிர்க்கலாம். புட்டியை உறிஞ்சுவது வலியைக் கூட்டுவதால் குவளையோ கரண்டியோ நல்லது. குளிர்ந்த பால், தயிர், ஓ.ஆர்.எஸ். கரைசல், ஐஸ்கிரீம் ஆகியவை எரிச்சலைத் தணிக்கும். இரண்டு நாள் ஐஸ்கிரீமால் மட்டுமே வாழ்ந்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. புளிப்பும் உப்பும் காரமும் சூடும் புண்ணில் பட்டால் அடுத்த வேளையும் வாய் திறக்க மறுப்பாள். திட உணவு சில நாள் குறைந்தால் கவலை இல்லை. அதைப் பின்னர் ஈடுகட்டிக்கொள்ளலாம், நீரை அப்படி ஒத்திப்போட முடியாது.

ஆறு முதல் எட்டு மணி நேரம் டயப்பர் நனையவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, வாய் உலர்ந்து ஒட்டுகிறது, கண்கள் குழிவிழுந்திருக்கின்றன, கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது என்ற நிலைகளில் வீட்டு முயற்சியைத் தொடராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள்.

கொப்புளங்களை உடைக்க வேண்டாம்; அவற்றின் நீரிலும் வைரஸ் இருக்கிறது. வழக்கம்போலக் குளிப்பாட்டி, மென்மையாக ஒற்றித் துடைத்து, தளர்வான ஆடை அணிவித்தால் போதும். நோய் தொடங்கியதிலிருந்து ஏழு முதல் பத்து நாட்களில் புண்களும் கொப்புளங்களும் பெரும்பாலும் ஆறிவிடும், வடு தங்குவதில்லை.

அரிதான, ஆனால் அறிந்தே ஆக வேண்டிய பகுதி எண்டெரோவைரஸ் ஏ71 பற்றியது. 1998இல் தைவானில் இது பெருந்தொற்றாகப் பரவியபோது 1,29,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவாயினர்; 405 பேருக்கு நோய் கடுமையானது, 78 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். விகிதமாகப் பார்த்தால் இது மிகச் சிறியது. ஆயினும் அங்கே காணப்பட்ட ஆபத்து அறிகுறிகள் உலகெங்கும் குழந்தை மருத்துவர்களுக்குப் பாடமாயின. இந்த வைரஸ் சிலரின் மூளைத்தண்டைத் தாக்கி, இதயமும் நுரையீரலும் நிலைகுலையும் வேகமான சரிவை உண்டாக்குகிறது. அது பெரும்பாலும் நோயின் முதல் சில நாட்களிலேயே நிகழ்கிறது. தோல் தடிப்பின் அளவுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நான்கைந்து கொப்புளங்கள் மட்டுமே உள்ள குழந்தைக்கும் அது வரலாம்.

ஆகவே 39 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல் தணியாமல் நீடித்தாலோ, எந்தக் காய்ச்சலும் மூன்று நாளைத் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ அன்றே மருத்துவரைக் காணுங்கள். உறக்கம் வரும் நேரத்தில் குழந்தை திடுக்கிட்டுத் திடுக்கிட்டுக் கை கால்களை உதறுவது தனிக் கவனத்துக்குரியது. எப்போதோ ஒருமுறை உதறுவது எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்று அடிக்கடி நிகழ்ந்தால் அது நரம்பு மண்டலத்தின் எச்சரிக்கை. நடையில் தள்ளாட்டம், கையோ காலோ வலுவிழத்தல், எழுப்பினாலும் முழுமையாக விழிக்காத மந்தம், கழுத்து விறைப்பு, வலிப்பு, ஓய்வாகப் படுத்திருக்கும்போதே வேகமான மூச்சு, குளிர்ந்த வியர்வை, தோல் வெளிறித் திட்டுத்திட்டாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவள் இயங்குவதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக்கொண்டு சென்றால், மருத்துவமனையில் அந்த நேரத்தில் உதறல் தெரியாவிட்டாலும் மருத்துவருக்கு அது பேருதவியாக இருக்கும்.

கைக்குழந்தையைப் பொறுத்தவரை, தொற்று ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும் வாய்ப்பு உண்டு. முதல் வாரத்தில்தான் இந்நோய் மிகுதியாகப் பரவுகிறது, அறிகுறி தோன்றும் முன்பே பரவவும் கூடும். உமிழ்நீர், மூக்குச்சளி, கொப்புள நீர், மலம் ஆகிய நான்கும் வழிகள். தொண்டையில் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரையும், மலத்தில் பல வாரங்கள் வரையும் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். எனவே தனி அறை ஒதுக்குவதைவிட டயப்பர் மாற்றியபின் கை கழுவுவது அதிகம் காப்பாற்றும். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 20 வினாடி தேய்த்துக் கழுவுங்கள். கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால் ஆல்கஹால் கலந்த கைத்திரவம் இதனிடம் முழுப் பயன் தராது. விளையாட்டுப் பொருள்களைச் சோப்பு நீரில் கழுவிய பின், 5 சதவீதச் செறிவுள்ள பிளீச் திரவத்தை ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லி என்ற அளவில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் கழித்து நல்ல நீரில் அலசுங்கள். பிளீச்சை வேறெந்தத் துப்புரவுத் திரவத்தோடும் கலக்கக் கூடாது. குவளை, கரண்டி, துண்டு ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். தாய்ப்பால் ஊட்டுவதை நிறுத்த வேண்டாம். கைக்குழந்தைக்குக் காய்ச்சலோ பால் குடிப்பதில் தயக்கமோ தெரிந்தால் மூத்தவளைவிட விரைவாகக் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், காரணம் எதுவாக இருந்தாலும், அன்றே பரிசோதனை தேவை. வீட்டில் கருவுற்றவர் இருந்தால் பெரும்பாலும் அவருக்குத் தீங்கு நேராது. பேறுகாலம் நெருங்கியவர் மட்டும் தம் மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது, பிறந்த குழந்தைக்கு இத்தொற்று கடுமையாகலாம் என்பதால்.

வகுப்புக்கு அனுப்புவதற்கு, மலத்தில் வைரஸ் முற்றிலும் தீரும்வரை காத்திருப்பது நடைமுறையில் இயலாது. மருந்தின் துணையின்றிக் காய்ச்சல் ஒரு நாள் முழுவதும் இல்லாமல் இருந்து, உமிழ்நீர் வழிவது நின்று, வழக்கம்போல உண்டு விளையாடினால், நீர் கசியும் கொப்புளங்கள் காய்ந்த பிறகு அனுப்பலாம். சில பள்ளிகள் இன்னும் நீண்ட ஓய்வைக் கேட்கும். அவர்களுடைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயை மறைக்காமல் ஆசிரியரிடம் தெரிவிப்பது மற்றக் குழந்தைகளின் பெற்றோருக்குச் செய்யும் உதவி.

ஒன்றிரண்டு வாரங்களில் விரல்நுனித் தோல் உரியலாம். ஒன்று முதல் இரண்டு மாதங்கள் கழித்து, நோயையே மறந்திருக்கும் நேரத்தில், சில நகங்கள் அடிப்பகுதியிலிருந்து பெயர்ந்து விழவும் கூடும். காக்சாக்கி ஏ6 தொற்றுக்குப் பின் இது குறிப்பாகக் காணப்படுகிறது. காய்ச்சலின்போது நகத்தின் வளர்ச்சி சிறிது காலம் நின்றுபோனதன் தாமதமான விளைவு இது. சத்துக்குறைவோ பூஞ்சையோ அன்று. வலியின்றி விழுந்து, புதிய நகம் முளைத்துவிடும்.

மீண்டும் வருமா என்றால், வரலாம். ஒரு வைரஸுக்கு எதிராக உண்டாகும் எதிர்ப்பாற்றல் மற்றொன்றைத் தடுப்பதில்லை. ஆகையால் ஏ16 வந்துபோன குழந்தைக்கு அடுத்த ஆண்டு ஏ6 வருவதுண்டு. எண்டெரோவைரஸ் ஏ71க்கு எதிரான தடுப்பூசிக்குச் சீனா 2015 டிசம்பரில் முதன்முதலாக ஒப்புதல் அளித்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடப்படும் அது அந்த ஒரு வைரஸின் கடும் நோயைச் சிறப்பாகத் தடுக்கிறது, காக்சாக்கி வகைகளைத் தடுப்பதில்லை. உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது அதுவன்று. இன்று இரவு படுக்கும் முன் அவள் கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்தை ஒரு தாளில் குறித்துவையுங்கள். நாளை மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.